பொட்டு

கூத்தியார்குண்டு விலக்கில் இறங்கினால்
காலுக்கு முன்னாடி மூக்கு போய்விடும் மில்லுக்கு.
உளுந்து உடையும் வாசம்.
போன வருஷம் வரைக்கும்
பின்வாசலில் கறுப்பாய்க் குவிந்து கிடக்கும் தோலை
"அள்ளிட்டுப் போம்மா, எலி அடையுது" என்பார்
கணக்கர் சவுந்தரவேல்.
இப்போது சாக்குக்கு நானூற்றிருபது.
அதே தோல், அதே தூசி;
தராசுதான் புதுசு.

"உங்கள மாதிரி நாலு பேர் கேட்டு வந்ததுல
இதுக்கும் ஒரு வெல வந்துருச்சு"
என்கிறார், என்னைக் குற்றம் சொல்வதுபோல்.

என்ன செய்ய?
கண்மாய்க்கரை மேய்ச்சலில் கல் ஊன்றிவிட்டார்கள்,
மஞ்சள் பெயின்ட் அடித்து நம்பர் போட்ட கல்.
ஆடு அதை நக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது.
அறுப்பு மெஷின் கக்கிய வைக்கோலைப்
பாய்போல் சுருட்டிப் பாலக்காட்டு லாரி ஏற்றிப் போகிறது.
கடலைக்கொடிக்கு எழுமலை வரை சொல்லி வைத்திருக்கிறேன்.
செக்கானூரணிப் பக்கம்
பஞ்செடுத்து முடிந்த பருத்திக்காட்டில் விடப் பயம்:
என்ன மருந்தடித்தார்களோ,
சித்திரையில் ரெண்டு குட்டி நுரைதள்ளிப் போயின.

பத்தொன்பது உருப்படி.
எல்லாம் பொட்டாடு, வெள்ளையில் செம்பொட்டு.
முதல் நாள் ஒரு கைப்பிடி,
மறுநாள் ரெண்டு.
அவசரப்பட்டால் வயிறு மத்தளமாகிவிடும்.
சோளத்தட்டையைப் பொடிசாய் நறுக்கி
உப்புத்தண்ணி தெளித்துப் பிசிறி வைத்தேன்.
பதினெட்டும் தின்றன.
ஒத்தக்காதி மட்டும்
மூணு நாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்,
வீட்டுக்காரர் நேற்றைய குழம்பைப் பார்ப்பதுபோல.
நாலாம் நாள்
நான் வேறு பக்கம் திரும்பியிருந்தபோது
தொட்டியில் முகம் புதைத்தாள்.
நிமிர்ந்தால் மூக்கில் புதுசாய் ஒரு கறுப்புப் பொட்டு.

வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தை.
யாவாரி சிக்கந்தர் கிடாயின் முதுகைத் தடவினார்,
எலும்பு தட்டவில்லை.
"என்னத்தப் போட்டு வளத்த?"
"மதுரைக்காரங்க இட்லியோட தோலு."
சிரித்தார்.
துண்டுக்கடியில் ஒரு விரல் கூட ஏறியது.

பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன்.
மில்லில் பிரிந்த பருப்பு மாவரைக்கப் போனது,
தோல் என் தொட்டிக்கு வந்தது.
ராத்திரி பத்து மணிக்குச் சிம்மக்கல்லில்
யாரோ ஒருத்தர் கறிதோசை கேட்பார்.
மாவை வட்டமாய் இழுத்து
மேலே கறியைப் பரப்பி
திருப்பிப் போட்டு அமுக்கும்போது
ரெண்டும் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.
தின்கிறவருக்கு அது தெரியாது.
எனக்கும் ஒருதரம் தின்று பார்க்க ஆசைதான்,
ஒன்று நூற்றெண்பதாம்.

மடியில் இருந்ததை எண்ணி
ரெண்டு சாக்குக்குத் தனியே முடிந்தேன்.
விலக்கில் இறங்கும்போது மணி அஞ்சே முக்கால்.
மில்லை ஆறுக்குப் பூட்டிவிடுவார்கள்.
ஓடினேன்.