கசிவு

பதினேழாம் எண் பள்ளிக்கு அட்டை கொடுத்தோம்.
இருபத்திரண்டாம் எண் பள்ளிக்குக் கொடுக்கவில்லை.
நடுவில் கேப்டன் காட்டன் கால்வாய்,
அதன்மேல் கைப்பிடி உடைந்த நடைபாலம்.

சீட்டுக் குலுக்கித்தான் தேர்ந்தெடுத்தோம்,
ஓரவஞ்சனை ஏதும் இல்லை என்றேன்
இருபத்திரண்டின் தலைமையாசிரியையிடம்.
"குலுக்குனது யாரு?" என்று மட்டும் கேட்டார்.
நான்தான் என்று சொல்லவில்லை.

பன்னிரண்டு கதை, கதைக்குப் பத்துப் பிரதி.
குடையை மறந்த கண்டக்டர்,
வலையில் மாட்டிய பிளாஸ்டிக் வாளி,
கரண்ட் போன இரவில் நடந்த கல்யாணம்.
படத்துக்குக் கீழே நான்கே வரி.

ஜூலையில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை
படிக்கச் சொல்லிக் கேட்டுக் குறிப்பேன்.
எழுத்து மட்டும் என்றால் ஒன்று,
சொல் இரண்டு, வரி மூன்று, பத்தி நான்கு.
வராத பிள்ளைக்குத் தொண்ணூற்றொன்பது.
தொண்ணூற்றொன்பதுகளை நீக்கிவிட்டுத்தான்
சராசரி எடுப்போம்.

மார்ச்சில் இருபத்திரண்டுக்குப் போனேன்.
ஃபேன் சுற்றியது, காற்று வேறெங்கோ போனது.
ஜூலையில் 'ப'வுக்கும் 'ம'வுக்கும் நடுவில்
திக்கி நின்ற ஹெப்சிபா
பத்தியை ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்
தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
"இதுல கண்டக்டர் கதை இல்லியா மிஸ்?"

எந்தக் கண்டக்டர்?
இவளுக்கு அட்டை கிடையாதே.
கிடையாது என்பதுதானே
எங்கள் ஆய்வில் இவளுக்கு நாங்கள் கொடுத்த வேலை.

"மோனிஷ் அந்தப் பக்கம் படிக்கிறான் மிஸ்.
ஒரு நைட்டுக்கு ஒரு தேன்மிட்டாய்.
நனைஞ்சா ரெண்டு.
கல்யாண அட்டைக்கு மட்டும் மூணு,
அதுக்குத்தான் செம கிராக்கி."
பின்பெஞ்சில் ஒருவன் திருத்தினான்:
"எனக்கு ரெண்டுக்கே குடுத்தான்."

பயிற்சி வகுப்பில் இதற்குக் கசிவு என்று பெயர்.
நேர்ந்தால் ஆய்வு கெடும், தடுக்க வேண்டும் என்று
நானே கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன்.
எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் குழாய் கசிந்த வருடம்
அதைச் சுற்றித்தான் எல்லார் குடமும் நின்றது.
வந்து அடைத்துவிட்டுப் போனவனை
ஒருவரும் வாழ்த்தவில்லை.

தேனாம்பேட்டை அலுவலகத்தில் ஏசி பதினெட்டில்.
பதினேழாம் பள்ளிக்கு மூன்று புள்ளி நான்கு,
இருபத்திரண்டுக்கு மூன்று புள்ளி மூன்று.
திரையில் இரண்டு கோடுகள்
தோளில் கை போட்டபடி மேலே ஏறின.
இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"வித்தியாசமே இல்லையே.
அப்ப அட்டை வேலை செய்யலை."

தேன்மிட்டாயைப் பற்றிச் சொன்னேன்.
யாரோ சிரித்தார்கள்.
சுவையான தகவல் என்றார் ஒருவர்.
அடிக்குறிப்பில் போடலாம் என்றார்கள்.
போட்டேன், நாற்பத்தாறாம் பக்கத்தில்,
எறும்பளவு எழுத்தில்.

ஜூனில் அட்டைகளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு.
நூற்றிருபதில் எண்பத்தொன்பது வந்தன,
பிசுபிசுப்பாக,
சிலவற்றின் மூலையில் பல் பட்ட தடம்.
மீதி முப்பத்தொன்றுக்குக் காரணம் கேட்டது படிவம்.
தொலைந்தது, கிழிந்தது,
இரண்டே கட்டம்.
பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

கல்யாண அட்டை பத்தில் ஒன்றுகூட வரவில்லை.
ஒன்று பெரும்பாக்கத்தில் இருப்பதாகக் கேள்வி,
ஏழாவது மாடியில், செல்வினிடம்.
கால்வாய்க் கரையில் வீட்டை இடித்து
அரைப் பரீட்சைக்கு முன்னால் ஏற்றிக்கொண்டு போனார்களே,
அந்த வண்டியில் போனவன்.
என் கணக்கில் அவன் தொண்ணூற்றொன்பது.

மோனிஷ் கணக்கில் அப்படி இல்லை.
இரவுக்கு மூன்று வீதம்
பாக்கி ஏறிக்கொண்டிருக்கிறது.