நீர்க்கசிவு

கஸ்பார் வண்டியை விட்டு இறங்கவில்லை.
இறங்க முடியவில்லை.
ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில்
வயிற்றைக் கொடுத்துவிட்டு
காசிமேட்டிலிருந்து கொருக்குப்பேட்டை வரை
பள்ளத்துக்குப் பள்ளம்
வயிறே ஹார்ன் அடிக்க வந்திருக்கிறார்.

"தானா முன்னாடி வருதுக்கா.
நான் கையே வெக்கல."

ஆளுக்கொரு கை பிடித்து
நானும் யூனுஸும் அவரை உருவி எடுத்தோம்.
மூச்சு வந்ததும் முதல் பேச்சு இதுதான்:
"கணேசபுரம் சப்வேல முட்டித் தண்ணி.
இன்சூரன்ஸ் இருக்கு.
பில்லுல வெள்ளம்னு மட்டும் எழுதிடு."

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு
ஒரு டீ நேரம் சும்மா இருந்தோம்.
சீட்டுக்கு அடியில் மஞ்சள் சாக்கெட் ஒன்று உண்டு,
ஏர்பேக்குக்குப் போவது.
தூங்குகிற அதை அவசரத்தில் எழுப்பக் கூடாது.
டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.

ஃப்யூஸ் முப்பது ஆம்ப், உயிரோடிருந்தது.
மோட்டாருக்கு வெளியிலிருந்து இரண்டு ஒயர் கொடுத்தேன்,
முனகாமல் பின்னால் போனது.
ஒயரை மாற்றிக் கொடுத்தேன், முன்னால் வந்தது.
மோட்டார் மேல் தப்பில்லை.
சொன்னதைச் செய்கிற ஆள் அது.
சொன்னது யார்?

பேட்டரியை மறுபடி மாட்டி
ஸ்விட்ச்சில் மீட்டரை வைத்தேன்.
பொத்தானை யாரும் தொடவில்லை.
பதினொன்று காட்டியது.

கம்பளத்தைத் தூக்கினால்
மேலே காய்ந்திருக்கிறது,
கீழே ஸ்பாஞ்சுக்குள்
ஒரு வாளித் தண்ணீர் ஒளிந்திருக்கிறது.
அதிலும் பின்சீட்டுப் பக்கம்தான் அதிகம்.
பிழிந்து தெருவில் ஊற்றினேன்.

வெல்டிங் பட்டறையில் தூங்குகிற சாம்பல் பூனை
வாலை நட்டுக்கொண்டு வந்தது.
முகர்ந்தது. நக்கியது.
என் காலைச் சுற்றிச் சுற்றிக் குழைந்தது.
மூன்று பெருமழை பார்த்த பூனை அது,
எந்த வெள்ளத்துக்கும் இப்படிக் குழைந்ததில்லை.

சாக்கெட்டைப் பிரித்தேன்.
பித்தளைப் பல்லில் பச்சை பூத்திருந்தது,
ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு.
விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தேன்.

சப்வே தண்ணீர் எனக்குத் தெரியும்.
அதில் சாக்கடை இருக்கும், டீசல் இருக்கும்,
யாருடைய செருப்பாவது ஒன்று இருக்கும்.
உப்பு இருக்காது.

யூனுஸ் சீட்டின் தண்டவாளத்திலிருந்து
எதையோ பிய்த்து வெயிலில் பிடித்தான்.
கட்டைவிரல் நகமளவு, கண்ணாடி மாதிரி.
"கொடுவா" என்றான்.

கஸ்பார் எதிர்ச் சுவரில் இருந்த
கண்ணீர் அஞ்சலி போஸ்டரை
முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"எத்தினி பொட்டி?"
"ரெண்டு."
மீட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.
"நாலு."

டெம்போ வரவில்லையாம்.
ஏலம் எடுத்தாயிற்றாம், ஐஸ் உருகுகிறதாம்.
தார்ப்பாய் விரித்தாராம்,
தார்ப்பாயில் ஓட்டை இருந்ததாம்.
"வண்டி எடுத்த அன்னிக்கே
வூட்ல சத்தியம் வாங்கிட்டா எக்கா.
இதுலயாவது மீன் வாசன வரக்கூடாதுன்னு."

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.
வெந்நீர் வைத்தேன்.
பழைய டூத்பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன்.
பக்கத்து பியூட்டி பார்லரிலிருந்து
முடி உலர்த்தும் மெஷினைக் கடன் வாங்கி
ஒயர்க் கட்டுக்குத் தலை காய வைத்தோம்.
ஸ்விட்ச் தேறவில்லை, புதிது போட்டேன்.
ஸ்பாஞ்சு இரண்டு நாள் மொட்டை மாடியில்,
காக்காய்களுக்கு எதிராக யூனுஸ்.

மூன்றாம் நாள்
போ என்றால் போனது, நில் என்றால் நின்றது.
கஸ்பார் ஏறி உட்கார்ந்து
கடைசி வரை பின்னால் தள்ளி
காலை நீட்டிப் பார்த்தார்.
வயிற்றைத் தடவிக்கொண்டார்.

பில் புக்கைத் திறந்தேன்.
வெள்ளம் என்று எழுதக் கை வரவில்லை.
மீன் என்று எழுதினால்
அந்தத் தாள் இன்சூரன்ஸுக்கு மட்டுமா போகும்?
'காரணம்' என்ற இடத்தில்
நீர்க்கசிவு என்று எழுதினேன்.
எங்கிருந்து என்று கேட்க
என் பில்லில் கட்டம் இல்லை.

படித்தார். நாலாக மடித்துப் பையில் வைத்தார்.
கிளம்பினார்.

கேட் போட்டிருந்தது.
கூட்ஸ் வண்டி, அவசரமே இல்லாமல்
பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது.
காத்து நின்ற கஸ்பாரின் பானட்டில்
சாம்பல் பூனை ஏறி
கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தபடி
உட்கார்ந்தது.