திரும்பி வரும் நேரம்

கிளைபேடா துறைமுகத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிட்டது.
அலுவலகம் கழித்துப்போட்ட பெரிய திரையைப்
போர்வை சுற்றிப்
பனிச்சறுக்கு வண்டியில் இழுத்து வந்திருந்தார் வைடோடஸ்.

வீட்டுக் கணினிக்கு வயது பதின்மூன்று.
கிராபிக்ஸ் கார்டின் விசிறிக்குள்
காய்ந்த பட்டாணி உருளும் சத்தம்.

திரை முழுக்கக் கறுப்பு.
'சிக்னல் இல்லை' மட்டும்
மூலைக்கு மூலை மிதந்தது.

கேபிளைக் கழற்றினார், ஊதினார், செருகினார்.
அளவைக் குறைத்தால் படம் வந்தது. ஆனால்
கடல் வரைபடத்தில் ஆழத்தின் எண்கள்
ஊறிய கடுகாய் உப்பிக் கிடந்தன.
ஏழா, ஒன்றா?
மணல் வாரும் கப்பலுக்கு அது சின்னக் கேள்வி இல்லை.

"புதுக் கார்டு வாங்கித் தொலையேன்" என்றாள் அவுத்ரோனே.
"விலை கேட்டாயா நீ?"

பதினோரு மணிக்குத்தான் கணக்குப் பிடிபட்டது.
ஒவ்வொரு வரியும் வரைந்து முடித்தபின்
கார்டு கொஞ்சம் சும்மா நிற்கிறது.
கண்ணாடிக் குழல் திரைகளின் காலத்தில்
வலது கரை சேர்ந்த மின்கற்றை
இடது கரைக்குத் திரும்ப வேண்டியிருந்ததே,
அதற்காக.
குழல் போயிற்று, கற்றையும் போயிற்று.
இது மட்டும் இன்னும்
வராத படகுக்கு விளக்குப் பிடித்தபடி.

அந்தக் காத்திருப்பை நறுக்கினார்,
ஒரு சிட்டிகை மிச்சம் வைத்து.
நொடிக்கு அறுபது என்றிருந்ததை
ஐம்பத்தைந்து ஆக்கினார்.

கறுப்பு.
கறுப்பு.
எங்கோ ஒரு சொடுக்கு.

காயலின் அடித்தரை
எண் எண்ணாக எழுந்து நின்றது.
ஏழுதான்.

அவுத்ரோனே மூக்கு படுமளவு குனிந்தாள்.
"எவ்வளவு தூசி!" என்று
கம்பளிச் சட்டையின் கையால்
கடலைத் துடைத்தாள்.