அடிக்குரல்

செவ்வாய் இரவுகளில், கருவாட்டுக் கிடங்கின்
மேல்மாடியில் பாடுவோம், பத்தொன்பது ஆண்கள்.
நார்வேயில் அப்போது மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
பல் மருத்துவர் ஐவிந்துக்கு எப்போதும் அவசரம்,
அரைத் தாளம் முன்னே போய்
எங்களுக்காகக் காத்திருப்பார்.
நான் அடிக்குரல்.
நிறுத்தினால்தான் நான் இருந்தது தெரியும்.

போர்ச்சுகல் போக கேக் விற்றோம், சீட்டு விற்றோம்,
டோர்கைரின் பழைய படகையும் விற்றோம்
அவனைக் கேட்டுவிட்டுத்தான்.
கறுப்புக் கோட்டு பாதிப் பேருக்குப்
பூட்டவில்லை.

அவெய்ரு தேவாலயத்தில்
கேட்க வந்தவர்கள் பதினொரு பேர்,
சாவிக்காரரையும் சேர்த்து.
எண்ணாதீர்கள் என்பதுபோல்
இங்குன் கையை உயர்த்தினாள்.
பாடினோம்.
கடைசிச் சுரத்தைக் கல்சுவர் வாங்கிவைத்து
மெதுவாகத் திருப்பித் தந்தது,
நாங்கள் கொடுத்ததைவிடச் சுத்தமாக.

இரவு, சாப்பாட்டுக் கடையில்
உருளைக்கிழங்கோடு கருவாடு.
ஒரு வாய் வைத்ததும் டோர்கைர் நிமிர்ந்தான்:
"இது நம்ம உப்பு."
சமையற்காரர் பெட்டி மூடியைக் கொண்டுவந்தார்.
நீல மையில் எங்கள் ஊர்.

குளிர்காலம் முழுக்க
எங்கள் காலடியில் அடுக்கிக் கிடந்து
பிசிறடித்ததை, திட்டு வாங்கியதை, மறுபடி தொடங்கியதை
எல்லாம் கேட்டது இதுதான்.

இன்னொரு தட்டு கேட்டோம்.