வெங்காயம் வைத்த மூலை

ஏப்ரலிலும் பனி.
வாரித் தள்ளும் வண்டியின் ஆரஞ்சு விளக்கு
சன்னலைத் துடைத்துவிட்டுப் போகிறது.
இந்தக் குளிர்காலம் அதை வேறொருவன் ஓட்டுகிறான்.
வெர்ல் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேசைமேல் வயோமிங்கின் ஒரு துண்டு.
சுருளாமலிருக்க நான்கு மூலையிலும்
உப்புக் குடுவை, காப்பிக் கோப்பை,
சாவிக்கொத்து, ஒரு வெங்காயம்.

வெள்ளை என்றால் யாரோ ஒருவருடையது.
பச்சை காடு. மஞ்சள் புறம்போக்கு:
என்னுடையது, வெர்லுடையது,
ஒமாஹாவிலிருந்து புதுப் பூட்ஸோடு வந்திறங்கும்
பல் மருத்துவருடையதும்.
பட்டா இல்லாததால் எல்லாருக்கும் பாத்தியம்.

சதுரங்கப் பலகைபோல் வெள்ளையும் மஞ்சளும்.
ஓரிடத்தில் இரண்டு மஞ்சள் கட்டங்கள்
மூலையோடு மூலை மட்டும் முட்டிக்கொள்கின்றன,
ஊசி முனையளவு.
அங்கே ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தால்
நடுவில் தோள் உரசுவது யாருடைய காற்று?
மூன்று பேரிடம் கேட்டேன். நான்கு பதில் கிடைத்தது.
"சுற்றிப் போகலாம்" என்றான் வெர்ல்.
சுற்றி என்றால் கூடுதலாக இரண்டு மைல்.
பென்சில் மூச்சு வாங்காமல் நடந்து காட்டியது.

உயரக் கோடுகள் நெருங்கிக் கறுத்த இடத்தில்
விரலை வைத்தேன்.
வடக்குச் சரிவின் இருட்டில் பகலெல்லாம் படுத்திருக்கும்.
விடியும்வரை காற்று பள்ளத்துக்கு இறங்கும்,
வெயில் பட்டதும் மலையேறும்,
நம் வாடையை முதுகில் ஏற்றிக்கொண்டு.
ஆகவே இருட்டிலேயே மேலே போய்விட வேண்டும்.
அதற்கும் மேலே அந்தச் சுனை,
மூன்று வருடமாக நாங்கள் பேர் சொல்லாமல்
"அது" என்று மட்டும் பேசும் இடம்.
தாளில் ஒரு நீலப் புள்ளி, எறும்பின் கண்ணளவு.

சுடுவது ஒரு நொடி.
பிறகுதான் கணக்கு.
எலும்பு நீக்கிய பின்னும் ஓர் எல்க்
இருநூற்றிருபது ராத்தல்.
ஆளுக்கு ஐம்பத்தைந்து என்றால் இரண்டு நடை.
"அறுபது தூக்குவேன்" என்றான்.
நவம்பரில் அவன் முழங்காலைத் திறந்து மூடினார்கள்.
நேற்று கீழறைப் படிகளில்
பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக,
சுவரைப் பிடித்து இறங்கினான்.
நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.
பார்க்கவில்லை என்று அவன் நினைக்கட்டும்.

அவனுக்கு முப்பது என்று மனதுக்குள் போட்டேன்.
மூன்று நடை.
ஐந்து மைல் தூரத்தை ஐந்து முறை கடக்க வேண்டும்,
அதில் மூன்று முறை சுமையோடு.
செப்டம்பர் வெயில் இறைச்சிக்குத் தவணை கொடுக்காது.
முதல் நடை முடியுமுன்னே
மாக்பைகள் பந்திக்கு உட்கார்ந்துவிடும்.

நூலின் ஒரு முனையை வண்டி நிறுத்துமிடத்தில் அழுத்தி
மறுமுனையில் பென்சிலைக் கட்டி
ஒரு வில் வரைந்தேன்.
"இந்தக் கோட்டுக்கு அப்பால்
கொம்பு வானத்தை மறைத்தாலும் சுடுவதில்லை."
ஐந்து மைல்.
நீலப் புள்ளி கோட்டுக்குள் மயிரிழையில் இருந்தது.
அதற்காகவே நூலைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருந்தேன்.

வெர்ல் வெகுநேரம் பார்த்தான்.
காப்பி ஆறியது.
ரப்பரை எடுத்தான். முழுக் கோட்டையும் அழித்து,
தூளை ஊதி,
நூலைப் பாதியாக மடித்து
அவனே வரைந்தான்.
இரண்டரை மைல்.
சுனை வெளியே போய்விட்டது.

"உன் முதுகை நினைத்தேன்" என்றான்.

என் முதுகுக்கு ஒன்றுமில்லை.
பேருந்துக் கொட்டகையில் தினமும்
டயர் தூக்குகிற முதுகு.
"ஆமாம்" என்றேன். "இப்போதெல்லாம் வலிக்கத்தான் செய்கிறது."

இறைச்சிப் பைகள் ஆறு. கயிறு. இரண்டு கத்தி.
குலுக்கலில் எங்கள் சீட்டு விழுமா என்பது
ஜூனில்தான் தெரியும்.

பசிக்கிறதென்று வெர்ல் எழுந்தான்,
வெங்காயத்தை எடுத்துக்கொண்டான்.
வடகிழக்கு மூலை மெல்லச் சுருண்டு
சுனையை மூடிக்கொண்டது.