முதலில் வால்வுகள் மட்டும்

குடாய்சி நகரக் குடிநீர் அலுவலகத்தில்
என் திட்ட அறிக்கை நாற்பது பக்கம்.
இயக்குநர் ஸாலிகோ கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்,
தொகை இருக்கும் இடம்.
"எல்லாம் ஒரே ஆண்டில் முடியாதா, நதேலா?"
முடியாது என்றேன்.
முதலில் வால்வுகள் மட்டும்.
அதிலும் ரியோனி ஆற்றுக்கு இடப்பக்கம் மட்டும்.

வரைபடங்கள் இல்லாமலில்லை.
ஒன்று சோவியத் காலத்து நீலத்தாள்,
ரகசியம் என்று முத்திரை குத்தியது;
யாரிடமிருந்து ரகசியமோ, தண்ணீரிடமிருந்தா.
ஒன்று ரசீதுப் பிரிவின் தெருப்பட்டியல்:
பெயர் மாறிய தெரு இரண்டு முறை வரும்,
கட்டணமும் இரண்டு முறை.
இன்னொன்று பழுதுபார்க்கும் கோச்சாவிடம்,
சிகரெட் அட்டையின் உள்புறம்.

மூன்றையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாய் விரித்த அன்று
குழாய்களெல்லாம் சமையலறைகள் வழியே ஓடின.
தேவாலயம் ஆற்றுக்குள் நின்றது.
கோச்சா சிரித்துச் சிரித்து இருமினார்:
"இருக்கட்டும், மீன்களும் ஜெபிக்கட்டும்."
பழைய ஆள்கூறு வேறு, புதியது வேறு.
ஊரையே நூற்றுச் சொச்சம் மீட்டர் நகர்த்தி வைக்க
ஒரு வாரம் ஆயிற்று.
யாருடைய தேநீரும் சிந்தவில்லை.

அப்புறம் நடைதான்.
கையில் ஜிபிஎஸ், காலில் ரப்பர் பூட்ஸ்.
இரும்பு மூடிகளைத் தூக்கித் தூக்கி எண் எழுதினாள் லாமரா,
நாளைக்குப் பதினேழு.
ஒரு மூடிமேல் யாரோ காரை நிறுத்திவிட்டு
சாவியோடு கிரீஸுக்கு வேலைக்குப் போயிருந்தார்.
அந்தப் புள்ளியை மஞ்சளாய் விட்டோம்.
தெரியாது என்பதற்கும் ஒரு நிறம் வேண்டுமென்று
நாற்பது பக்கத்தில் எங்கும் நான் எழுதவில்லை.

இரண்டாம் குளிர்காலம், இரவு இரண்டு மணி.
பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாலை வெடித்து நீர்.
திரை சொன்ன இடத்தில் தோண்டினார்கள்:
காய்ந்த மண்.
தொலைபேசியில் கோச்சா ஒன்றும் சொல்லவில்லை,
மூச்சு மட்டும் கேட்டது.
நாலடி கிழக்கே கிடைத்தது வால்வு.
மறுநாள் என் மேசைக்கு வந்தார். திட்டவில்லை.
புள்ளியைத் தானே இழுத்து நகர்த்தினார்,
ஒற்றை விரலால்,
சுடும் பானையைத் தொட்டுப் பார்ப்பவர் போல.
திட்டம் தொடங்கிய நாள் அதுதான்.
அறிக்கையில் வேறு தேதி இருக்கிறது.

இது நான்காம் ஆண்டு.
ஆற்றின் வலப்பக்கம் இன்னும் வெள்ளை.
ஸாலிகோ போய் வேறொருவர் வந்துவிட்டார்,
அவரும் கேட்கிறார், எப்போது முடியும் என்று.
சன்னலுக்கு வெளியே
எங்களைக் கேட்காமலே எவரோ தெருவைத் தோண்டுகிறார்கள்.
என் பூட்ஸ் எங்கே என்கிறாள் லாமரா.