மூன்றாம் நிரல்

ஞாயிறு இரண்டாம் பூசை முடிய
மறைக்கல்வி வகுப்பறையில் கூடுவோம்.
சின்னப்பிள்ளைகளின் வாங்கு.
முழங்கால் நாடியில் இடிக்க இருந்துதான்
பாசையூரின் கஷ்டங்களைப் பேசவேணும்.

கையிருப்பு இருபத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பது.
அதோடு உண்டியலுக்குள் யாரோ போட்ட
ஐந்து கனேடியன் டொலர் நோட்டு.
அதைக் கணக்கில் எப்படி எழுதுவதென்று
மூன்று கிழமையாக விவாதம்.

ஜெசிந்தா வந்தாள். இருக்கவில்லை.
செவ்வாய்க்கிழமைக் காசுக்காரன்
முற்றத்தில் மோட்டார்சைக்கிளை விட்டானென்றால்
பொழுதுபடும்வரை போகமாட்டானாம்.
தண்ணி கேட்டு வாங்கிக் குடிப்பானாம், மரியாதையாக.
பள்ளிக்கூடத்தால் வரும் மகன்
படலையில் அவனைக் கண்டால்
வந்த ஒழுங்கையாலேயே திரும்பிப் போவானாம்.
எட்டாயிரம்.

தலைவர் றெஜினோல்ட் விதியை வாசித்தார்,
தன்ரை குரலில் இல்லை:
கடன் அடைக்க நிதி வழங்கப்படமாட்டாது.
மருந்து, மரணம், கூரை, பள்ளிக்கூடம்.
நாலுதான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பேனை என்னிடம்தானே.
முதலாம் நிரல் பெயர். இரண்டாம் நிரல் தொகை.
மூன்றாம் நிரல் காரணம்.

மருந்து என்று எழுதினேன்.

றெஜினோல்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
சேட்டு நுனியில் துடைத்தார், துடைத்தார்,
மை காயும்வரை துடைத்தார்.
பிலோமினா உருட்டிக்கொண்டிருந்த செபமாலையில்
ஒரு அருள்நிறைந்த மரியே மட்டும்
கொஞ்சம் உரத்து வந்தது.

ஜெசிந்தா காசை எண்ணவில்லை.
ஒப்பம் வைக்கச் சொன்ன இடத்தில்
தகப்பன் பெயரோடு முழுப்பெயரையும்
உறுப்பெழுத்தில் எழுதினாள்.
பெட்டிக்குள் அடங்கவில்லை.

அன்றிரவு பழைய கொப்பிகளை இறக்கினேன்.
ஓரத்தைக் கரையான் தின்ற இரண்டாயிரத்துப் பதினொன்று.
ஆவணி. ஏழாவது வரி.
என் பெயர். ஆறாயிரம்.
பக்கத்தில், அப்போது செயலாளராயிருந்த
மரியநேசம் அக்காவின் சாய்ந்த எழுத்தில்:
மருந்து.

அந்த வருஷம் எனக்குத் தடிமன்கூட வரவில்லை.
வட்டிக்குத் தந்தவள்
என் தையல் மெஷினை ஓட்டோவில் ஏற்றிவிட்டு
வாசலில் நின்றாள், அவ்வளவுதான்.
அக்கா அன்று என்னை ஒன்றுமே கேட்கவில்லை.
ஏன், என்னவென்று
ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று
செத்தவீட்டுக்குப் போனபோதும்
மனதுக்குள் ஒரு கோபம் கிடந்தது.

பக்கம் பக்கமாய்ப் புரட்டினேன்.
மருந்து, மருந்து, கூரை, மருந்து,
மருந்து.
எங்கள் பங்கில்தான் எத்தனை நோயாளிகள்.

மார்கழியில் கணக்குப் பார்க்கச்
சுவாமியார் வருவார்.
அந்த ஐந்து டொலருக்குத்தான்
இன்னும் ஒரு வழி காணவில்லை.